சீலியாக் நோயுள்ள குழந்தையின் பயண உணவு

சீலியாக் நோய் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் குடலுக்குள் சென்றதும், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கிச் சிதைக்கும் நோயாகும். இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்கி உண்பதே சிகிச்சை. வீட்டில் பெற்றோர் கண்காணிப்பில் இருக்கும் உணவு, பயணத்தில் முன்பின் அறியாத சமையலறைகளின் பொறுப்புக்குப் போய்விடுகிறது. தனக்கு எது ஆகாது என்று எடுத்துச் சொல்லும் வயது குழந்தைக்கு வந்திருக்காது. ஆகவே விசாரித்து அறியும் கடமை முழுவதும் உடன் செல்லும் பெரியவர்களையே சேரும்.

அளவும் முத்திரையும்

ஒரு ரொட்டித் துண்டில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் உள்ளது. நாள்தோறும் 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, மூன்று மாதம் உட்கொண்டாலே குடல் சேதமடையக்கூடும் என்று 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது. “கொஞ்சம் கொடுத்தால் என்ன ஆகிவிடும்?” என்று உறவினர்கள் பரிவோடு கேட்கும் கேள்விக்கு இதுவே விடை. ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டாவிட்டால்தான் அதைக் ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்கலாம் என்பது பன்னாட்டு அளவுகோல். இந்தியா, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா ஆகியவை இந்த வரம்பையே பின்பற்றுகின்றன. கோதுமைக் கதிரின் மேல் குறுக்குக் கோடு இட்ட முத்திரை பல நாடுகளில் இதற்கு அடையாளம்.

இந்தியாவில்

2016-இல் வெளியான ஆய்வின்படி, வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமாகவும் தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இந்நோய் காணப்படுகிறது. தென்னிந்திய உணவகங்களில் நோயின் பெயரைச் சொன்னால் பலருக்குப் புரியாது. “கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் கூடாது, பட்டால் குழந்தைக்கு உடம்புக்கு ஆகாது” என்று பொருள்களின் பெயரைச் சொல்வதே பயன் தரும்.

அரிசி உணவு நிறைந்த தமிழ்நாட்டில் உணவு கிடைப்பது எளிது. ஆனால் கலப்பு எங்கே நேர்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

பெருங்காயம்: கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்துச் செய்யப்படுகிறது. சாம்பார், ரசம், புளியோதரை, வெண்பொங்கல், ஊறுகாய் என எல்லாவற்றுக்குள்ளும் அது நுழைகிறது. அரிசி மாவில் செய்த பெருங்காயமும் கிடைக்கிறது. வாங்கும்போது உறையில் பார்க்க வேண்டும்.

தோசைக்கல்: அரிசியும் உளுந்தும் அரைத்த தோசை மாவில் குளூட்டன் இல்லை. அதே கல்லில் சப்பாத்தி, பரோட்டா, ரவா தோசை வார்த்திருந்தால் தோசையிலும் ஒட்டிக்கொள்ளும். “இந்தக் கல்லில் சப்பாத்தியும் போடுவீங்களா அண்ணா?” என்று கேட்டுவிடுவது நல்லது. கல்லைத் தொடாமல் ஆவியில் வேகும் இட்லி ஒப்பளவில் பாதுகாப்பானது.

எண்ணெய்ச் சட்டி: பூரியும் மைதா போண்டாவும் பொரித்த எண்ணெயில் இட்ட உளுந்து வடையும் ஆகாது.

மாவு மில்: கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் இல்லை. கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரைத்தால் அவற்றின் மாவிலும் கலப்பு ஏற்படும். சத்துமாவுகளில் கோதுமையும் பார்லியும் சேர்வது வழக்கம். முளைகட்டிய பார்லியில் செய்யும் மால்ட் கலந்த பான மாவுகளையும் தவிர்க்க வேண்டும்.

கர்நாடகத்து ரவா இட்லி கோதுமை ரவையில் ஆவது. ‘இட்லி ரவை’ என்று விற்பதோ அரிசியை உடைத்தது. பஞ்சாபின் மக்காச்சோள ரொட்டியில், தட்டுவதற்கு எளிதாகக் கோதுமை மாவு சேர்ப்பவர்கள் உண்டு. நவராத்திரி நாள்களில் வட இந்திய உணவகங்கள் தரும் விரத உணவு, பாப்பரை எனப்படும் ‘குட்டு’ மாவு, ஜவ்வரிசி, குதிரைவாலி போன்றவற்றால் ஆனது. தானியத்தை விலக்கும் விரதம் என்பதால் சமையலிலும் கோதுமை குறைவு, விசாரித்து வாங்கலாம்.

பிற நாடுகளில்

இலங்கைக்குச் செல்வோர் புட்டு, இடியாப்பம் என்ற பெயர்களை நம்பிவிடக் கூடாது. யாழ்ப்பாணத்துச் சமையலில் அவித்த கோதுமை மாவை அவற்றில் சேர்ப்பது பரவலான வழக்கம். சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் சோயா சாஸே முதல் எச்சரிக்கை. வழக்கமான சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்கவைத்தது. வெறும் வறுத்த சோற்றிலும் அது இருக்கும். ஜப்பானில் தண்ணீருக்குப் பதிலாகப் பரிமாறும் ‘முகிச்சா’ பார்லியில் போட்ட தேநீர்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், குளூட்டன் தானியங்கள் உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகங்களும் தகவல் தர வேண்டும். இத்தாலியில் 2005-ஆம் ஆண்டின் சட்டம் பள்ளி, மருத்துவமனை உணவுக்கூடங்களில் குளூட்டன் இல்லா உணவைக் கட்டாயமாக்கியது. பாஸ்தாவின் நாடு இக்குழந்தைகளுக்கு மிகவும் வசதியான நாடுகளுள் ஒன்றாக விளங்குவதற்கு இத்தகைய அக்கறையே காரணம். அமெரிக்காவில் உறைகளில் கோதுமையைக் குறிப்பிடுவது சட்டப்படி கட்டாயம், பார்லியைக் குறிப்பிடுவது அப்படியல்ல; ஆகவே ‘மால்ட்’ என்ற சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும்.

வழியில்

பல விமான நிறுவனங்களில் ‘ஜி.எஃப்.எம்.எல்.’ என்ற குறியீட்டில் குளூட்டன் இல்லா உணவை முன்பதிவு செய்யலாம். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். பதிவு செய்தாலும் அது வராமல் போகலாம் என்பதால் ஒரு வேளைக்கான உணவு கைப்பையில் இருப்பது அவசியம். ரயில் பயணத்துக்கு கோதுமை சேராத பெருங்காயத்தில் செய்த புளிச்சோறு, தயிர்ச்சோறு, வாழைப்பழம், பொரி, கடலை மிட்டாய் ஏற்றவை. ஊறவைத்தாலே உண்ணத்தக்க அவல், அடுப்பில்லாத இடத்திலும் பசியாற்றும். சிறிய மின் குக்கர் ஒன்று இருந்தால் விடுதி அறையிலேயே சோறாக்கிக்கொள்ளலாம். மருத்துவரின் கடிதமும், செல்லும் ஊரின் மொழியில் எழுதிய வேண்டுகோள் அட்டையும் உடன் இருக்க வேண்டும். கூட்டம் குறைந்த நேரத்தில் உணவகத்துக்குச் சென்றால் சமையல்காரரிடம் நிதானமாகப் பேச முடியும்.

தவறி உண்டால்

சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு தோன்றலாம். சோர்வு சில நாள் நீடிக்கலாம். குளூட்டனை முறிக்கும் மருந்து இல்லை. உப்புச்சர்க்கரைக் கரைசலும் ஓய்வும் தர வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அறிகுறியே காட்டாத குழந்தைகளுக்கும் குடல் உள்ளே பாதிக்கப்படும். ஆதலால் ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று மீண்டும் கொடுப்பது தவறு. ஐயம் தீராத உணவை ஒதுக்கி, கையில் உள்ள சோற்றையோ பழத்தையோ கொடுப்பதே எந்த ஊரிலும் சரியான முடிவாகும்.