பூட்டுக்கு யார் சாட்சி? டிஜிநோட்டார் விழுந்த கதை



2011, ஆகஸ்ட் கடைசி. ஈரானில் ஒருத்தர் ஜிமெயிலைத் திறக்கிறார். குரோம் உள்ளே விடவில்லை. சர்டிபிகேட் சரியில்லைன்னு எச்சரிக்கை காட்டுது. விபிஎன் போட்டால் எச்சரிக்கை வரவில்லை, விபிஎன்னை எடுத்தால் மறுபடி வருது. நாமா இருந்தா ரெண்டு தடவை ரீஃப்ரெஷ் அடிச்சுட்டு, அதுவும் சரியா வரலைன்னா வேற பிரவுசர்ல திறந்திருப்போம். அவர் அந்த சர்டிபிகேட்டை அப்படியே எடுத்து, கூகுளின் உதவிப் பக்கத்தில் போட்டு, தன் ஐஎஸ்பியோ அரசாங்கமோ நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று சந்தேகப்பட்டுக் கேட்டார்.

அவர் சந்தேகப்பட்டது சரி. அடுத்த ஒரு மாதத்துக்குள் நெதர்லாந்தில் ஒரு கம்பெனி திவாலானது. அந்த நாட்டு உள்துறை அமைச்சர் நள்ளிரவு தாண்டி பிரஸ் மீட் வைக்க வேண்டி வந்தது. ஈரான் ஜிமெயிலுக்கும் நெதர்லாந்து அமைச்சருக்கும் என்ன சம்பந்தம்? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல அந்தப் பூட்டு படம். எச்டிடிபிஎஸ் ரெண்டு வேலை செய்யுது. ஒண்ணு, நீங்க அனுப்புறதை வழியில் யாரும் படிக்க முடியாதபடி என்க்ரிப்ட் பண்ணுது. இன்னொண்ணு, எதிர்ப்பக்கம் இருக்கிறது நிஜமாவே ஜிமெயில்தானான்னு உறுதி செய்யுது. இந்த ரெண்டாவது இல்லாட்டி முதலாவதுக்கு அர்த்தமே இல்லை. திருடனோட பத்திரமா, ரகசியமா பேசிக்கிட்டு இருப்போம், அவ்வளவுதான்.

ஆனா பிரவுசருக்கு எப்படித் தெரியும்? அதுக்கு ஒரு சாட்சி வேணும். நம்ம ஊர்ல மார்க் ஷீட் நகலை எடுத்துக்கிட்டு, பச்சை மைக் கையெழுத்துக்காக கெசட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் நின்ன கதையை உங்க அண்ணன், அக்காக்களைக் கேளுங்க, சொல்வாங்க. இணையத்தில் அந்த ஆபீசர்தான் சர்டிபிகேட் அத்தாரிட்டி, சுருக்கமா சிஏ. இவங்க சீலை நம்பலாம்னு ஒரு பட்டியல் உங்க பிரவுசரிலோ ஆபரேட்டிங் சிஸ்டத்திலோ முன்கூட்டியே இருக்கும். அதை நீங்க போடலை, உங்களை யாரும் கேட்கவும் இல்லை.

இதில் ஒரு பெரிய ஓட்டை. அந்தப் பட்டியலில் இருக்கும் எந்த சிஏவும் உலகத்தின் எந்த சைட்டுக்கும் சீல் குத்தலாம். சைட்டின் சொந்தக்காரருக்குத் தெரியவே வேண்டாம். அப்போ இணையத்தின் மொத்தப் பாதுகாப்பும் இருக்கிறதிலேயே சோம்பேறியான சிஏ எவ்வளவு ஒழுங்கோ, அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலில் ஒன்று டிஜிநோட்டார். நெதர்லாந்தின் பெவர்வைக் என்ற ஊரில் இருந்த கம்பெனி. பெயரிலேயே நோட்டரி இருக்கு, பாருங்க. அந்த நாட்டு நோட்டரிகளுக்காக 1998இல் ஒரு நோட்டரி ஆரம்பித்ததுதான். பிறகு அரசாங்க இணைய சேவைகளுக்கும் இவர்கள்தான் சர்டிபிகேட் கொடுத்தார்கள்.

2011 ஜூனில் ஒருவன் இவர்களுடைய வெப் சர்வருக்குள் நுழைகிறான். ஜூலை 10ஆம் தேதி கூகுள் டாட் காமின் எல்லா சேவைகளுக்கும் செல்லுபடியாகும் ஒரு சர்டிபிகேட்டைத் தயாரித்துவிடுகிறான். போலி என்று சொல்கிறோமே தவிர, கணக்குப்படி அது அசல். சீல் அசல், கையெழுத்து அசல். கேட்டவன் மட்டும்தான் கூகுள் இல்லை. மொத்தம் 531 சர்டிபிகேட்கள் இப்படி வெளியே போயின. அந்தப் பட்டியலில் ஸ்கைப், ஃபேஸ்புக் மட்டுமில்லை, சிஐஏவும் மொசாடும் கூட இருந்தன.

பிறகு ஃபாக்ஸ் ஐடி என்ற டச்சு நிறுவனம் விசாரித்து எழுதிய அறிக்கையைப் படித்தால், சிஸ்டம் அட்மின் வேலை பார்க்கும் யாருக்கும் வயிறு கலங்கும். சீல் குத்தும் சர்வர்கள், மின்காந்தக் கசிவு கூட வெளியே போகாத பத்திரமான அறையில் வைக்கப்பட்டிருந்தன. ஆனால் ஆபீஸ் நெட்வொர்க்கில் இருந்தே அவற்றுக்குள் போக முடிந்தது. எல்லா சர்வரும் ஒரே விண்டோஸ் டொமைன், ஒரே யூசர் நேம், ஒரே பாஸ்வேர்ட், அதுவும் எளிதில் உடைக்கக்கூடியது. ஆன்டிவைரஸ் கிடையாது. வெளியே தெரியும் வெப் சர்வரில் பேட்ச் போடவில்லை. கதவுக்கு லட்ச ரூபாய் பூட்டு, கொல்லைப்புறம் திறந்த வீடு.

என்னைக் கேட்டால், அவர்கள் செய்த பெரிய தப்பு அதுகூட இல்லை. ஹேக் ஆவது யாருக்கும் நடக்கும். ஜூலை 19ஆம் தேதியே அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கண்ணில் பட்ட சர்டிபிகேட்களை ரத்து செய்தார்கள், கூகுளுடையது தப்பிவிட்டது. ஆனால் பிரவுசர் கம்பெனிகளுக்கோ பொதுமக்களுக்கோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாட்சி சொல்வதே தொழிலாக இருக்கும் ஒருவர், சீல் திருடு போனதை ஆறு வாரம் வாயைத் திறக்காமல் வைத்திருந்தார்.

அந்த ஆறு வாரத்தில் ஈரானில் என்ன நடந்தது? இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்போதெல்லாம் பிரவுசர் ஒரு சர்டிபிகேட்டைப் பார்த்ததும், இது இன்னும் செல்லுமா என்று கொடுத்த சிஏவின் சர்வரையே கேட்பது வழக்கம். அப்படி டிஜிநோட்டார் சர்வருக்கு வந்த கேள்விகளின் லாக் இருந்தது. அந்த ஒரு கூகுள் சர்டிபிகேட் பற்றி மட்டும் சுமார் 3 லட்சம் ஐபி முகவரிகளில் இருந்து கேள்வி வந்திருக்கு. அதில் 99 சதவீதத்துக்கு மேல் ஈரான். 2009 தேர்தலுக்குப் பிறகு தெருவில் இறங்கியவர்களைத் தேடித் தேடிப் பிடித்த நாடு அது. அங்கே மெயில் படிக்கப்படுவது விளம்பரம் துரத்துற மாதிரியான தொல்லை இல்லை.

தான் ஈரானில் இருக்கும் 21 வயதுப் பையன், தனியாகத்தான் செய்தேன் என்று ஒருவன் இணையத்தில் மார்தட்டினான். சீலைத் திருடியது ஒருவனாக இருக்கலாம். ஆனால் 3 லட்சம் பேருடைய டிராஃபிக்கைத் திருப்பிவிட சீல் மட்டும் போதாது. அதற்கு நாட்டின் நெட்வொர்க் கையில் இருக்க வேண்டும்.

சரி, குரோமுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? கூகுள் சைட்டுக்கு எந்தெந்த சிஏ சீல் குத்தலாம் என்ற சின்னப் பட்டியலை, கொஞ்ச மாதம் முன்னாடிதான் குரோமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். மற்ற பிரவுசரில் போனவர்களுக்கு வழக்கம்போல பூட்டு தெரிந்தது, எந்த எச்சரிக்கையும் இல்லை.

விஷயம் வெளியானதும் கூகுள், மொசில்லா, மைக்ரோசாஃப்ட் மூவரும் டிஜிநோட்டாரைப் பட்டியலில் இருந்து தூக்கினார்கள். டச்சு அரசாங்கத்துக்குத்தான் சங்கடம். தன் சொந்த சைட்களும் அதே சீலில்தானே ஓடுது! செப்டம்பர் 3 அதிகாலை, அமைச்சர் பீட் ஹைன் டோனர் அரசு சைட்களின் பாதுகாப்புக்கு இனி உத்தரவாதம் தர முடியாது என்றார். அரசு அந்தக் கம்பெனியின் செயல்பாட்டைத் தன் கையில் எடுத்தது. செப்டம்பர் 20, திவால்.

இதெல்லாம் எங்கேயோ நடந்ததுன்னு நினைக்காதீங்க. 2014 ஜூலையில் நம்ம நாட்டு தேசிய தகவலியல் மையமான என்ஐசியின் பெயரில், கூகுள் டொமைன்களுக்கு அனுமதியில்லாத சர்டிபிகேட்கள் வெளிவந்தன. இந்திய சிஏ விண்டோஸின் பட்டியலில் இருந்தது, ஃபயர்ஃபாக்ஸின் பட்டியலில் இல்லை. நாலு சர்டிபிகேட்தான் என்றது இந்தியத் தரப்பு, எங்களுக்கு அதைவிட அதிகம் தெரியும் என்றது கூகுள். கடைசியில் அந்த சிஏவின் சீல் கவ் டாட் இன், என்ஐசி டாட் இன் மாதிரி சில முகவரிகளுக்கு மட்டும்தான் செல்லும் என்று குரோம் கட்டுப்பாடு போட்டது.

இதற்கெல்லாம் வந்த தீர்வு கொஞ்சம் வித்தியாசமானது. இன்னும் நேர்மையான சாட்சியைத் தேடவில்லை. சாட்சி குத்தும் ஒவ்வொரு சீலையும் ஊரறிய ஒரு பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதலாம், அழிக்க முடியாது. யாராவது நடுவில் திருத்தினால் ஹாஷ் கணக்கு உதைக்கும். இதன் பெயர் சர்டிபிகேட் டிரான்ஸ்பரன்சி. 2013இல் இதற்கான வரைமுறை வந்தது, 2018 ஏப்ரல் 30க்குப் பிறகு கொடுக்கப்படும் எந்த சர்டிபிகேட்டும் இந்தப் பதிவேட்டில் இல்லாவிட்டால் குரோம் ஏற்காது. கூகுள் பெயரில் பெவர்வைக்கில் யாராவது சீல் குத்தினால், கூகுளே அதைப் பார்த்துவிடலாம்.

நீங்களும் பார்க்கலாம். சிஆர்டி டாட் எஸ்ஹெச் என்ற சைட்டில் உங்க கம்பெனி டொமைனை அடிச்சுப் பாருங்க. இதுவரை வாங்கின சர்டிபிகேட் எல்லாம் வரிசையா வரும். கூடவே, இன்னும் லான்ச் பண்ணாத ப்ராடக்டின் பெயர், வெளியே தெரியக்கூடாத டெஸ்ட் சர்வரின் பெயர் எல்லாம் வரும். ஹேக்கர்களும் முதலில் தேடுவது அங்கேதான். பதிவேடு பொதுவாக இருந்தால்தான் நம்ப முடியும், பொதுவாக இருப்பதால் ரகசியமும் கசியும். டீம்ல டெவ்ஆப்ஸ் பாக்குறவங்க இதைத் திங்கட்கிழமையே சரிபார்த்துடுங்க.

அந்தப் பூட்டு படம் என்ன ஆச்சுன்னா, குரோம் அதை 2023 செப்டம்பரில் எடுத்துவிட்டது. 2021இல் கூகுள் செய்த ஆய்வில், பூட்டின் சரியான அர்த்தத்தைச் சொன்னவர்கள் 11 சதவீதம்தான். மற்றவர்களில் பலர், பூட்டு இருந்தால் சைட் நல்ல சைட் என்று நினைத்திருக்கிறார்கள். இன்றைக்கு மோசடி சைட்டுக்கும் சர்டிபிகேட் இலவசமாகவே கிடைக்கும். இப்போ அந்த இடத்தில் ரெண்டு சின்ன ஸ்லைடர் மாதிரி ஒரு படம் இருக்கு. அதைத் தட்டினா, உங்க சைட்டுக்கு சாட்சி சொன்ன சிஏ பெயர் உள்ளே இருக்கும்.

அடுத்த எபிசோட்ல குக்கீ. 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி அதை எழுதினப்போ நோக்கம் என்ன, பிறகு எங்கே போச்சுன்னு பேசலாம். வரேன்.