சராசரிச் சாம்பல்: ஒளிமானி குறித்துச் சில குறிப்புகள்

மரக்காணம் உப்பளங்களில் எடுக்கப்பட்டு நமது பத்திரிகைகளில் வெளியாகும் படங்களைக் கவனித்து வருகிறேன். பலவற்றில் உப்பு சாம்பலாக இருக்கிறது. உப்பு வாருகிறவர்களுக்கு முகமே இல்லை. கேட்டால் வெயில்மீதும் 'கறுத்த தோல்'மீதும் பழி விழுகிறது. திண்டிவனம், விழுப்புரம் ஸ்டூடியோக்களில் "கொஞ்சம் பவுடர் போட்டுக்கங்க" என்று சொன்னதும் இதே தர்க்கம்தான். சிக்கல் அளவுகோலில் இருக்கிறது என்பது என் வாதம்.

1932இல் அமெரிக்காவின் வெஸ்டன் நிறுவனம் ஒளிமின்கல மீட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்ணும் அனுபவமும் அட்டவணையும் செய்த கணக்கை ஒரு முள் எடுத்துக்கொண்டது. ஆனால் எதிரே இருப்பது உப்பா ஆளா என்று அந்த முள்ளுக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் 'சராசரி' என்று பாவித்து, ஏறக்குறைய 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். சட்டகம் முழுக்க உப்பு என்றால் ஒளியைக் குறைக்கும்: உப்பு மங்கும், முகம் கரியாகும். புகை படிந்த கூரைவீட்டுக்குள் நேர்மாறு: ஒளியைக் கூட்டிக் கரிச்சுவரை வெளுக்க வைக்கும். விளக்கில்லாத வீடு என்கிற சாட்சியமே அழிந்துபோகும்.

இதை வெறும் நிறவெறிச் சதி என்று சொல்லிவிட முடியாது. பனியில் நிற்கும் வெள்ளையர் முகமும் இருளத்தான் செய்யும். கலர் பிரிண்டில் கதை வேறு. கோடாக் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் வெள்ளைப் பெண்ணின் தோலே நெடுங்காலம் அளவாக இருந்தது. பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்ற புகாரில் சாக்லேட், மரச்சாமான் கம்பெனிகளின் குரல் எடுபட்டதை ஆய்வாளர் லோர்னா ராத் பதிவு செய்திருக்கிறார்.

1983இல் வந்த நிக்கான் எஃப்.ஏ. காட்சியை 5 பகுதிகளாக அளந்து, ஏற்கெனவே ஆராய்ந்து வைத்த படங்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டது. இன்றைய செல்போன் முகத்தையே தேடிப் பிடிக்கிறது. 'சராசரி'யின் இடத்தில் 'மாதிரி' வந்திருக்கிறது. யாருடைய படங்கள் மாதிரி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

செய்ய வேண்டியது பழைய வித்தைதான். உப்பளத்தில் மீட்டர் சொல்வதைவிட ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூடுதலாகத் திறக்கணும். இல்லேன்னா கிட்டே போய், அந்த ஆள்மீது விழும் ஒளியை அளக்கணும். ரோட்டோரம் நின்று எடுப்பவருக்கு இது வாய்க்காது. நிழலுருவை 'உழைப்பின் அழகியல்' என்று அட்டையில் போடும் நாமும் யோசிக்க வேண்டும்: கூலி கேட்கிறவருக்கு முகம் வேண்டாமா?