பதினோரு பக்கமும் நாற்பது வருஷமும்

போன மாசம் குடும்பத்தோடு வைகை அணைக்குப் போயிருந்தோம். பூங்காவைச் சுத்திட்டு, பொரிச்ச மீனுக்காகக் காத்திருந்த நேரத்தில் அக்கா மகன் ஆரம்பித்தான். கம்ப்யூட்டர் சயின்ஸில் பிஎச்.டி. பண்ணுகிறான்.

"மாமா, என் பேப்பர் மாநாட்டுல வந்திருச்சு. இப்ப அதையே விரிவா எழுதி ஜர்னலுக்கு அனுப்புன்னு கைடு சொல்றாரு. ஒரே விஷயத்த எதுக்கு ரெண்டு தடவ எழுதணும்?"

அதற்குள் மீன் வந்துவிட்டது. ஒழுங்கான பதில் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு தேடிப் படித்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இயற்பியலிலோ உயிரியலிலோ மாநாட்டில் பேசுவது வெறும் பேச்சுதான். ஆய்விதழில் வந்தால்தான் கணக்கு. கணினித் துறையில் கதை தலைகீழ். பெரிய மாநாடுகளில் முழுக் கட்டுரையையே சக ஆய்வாளர்கள் படித்து மதிப்பிடுகிறார்கள். சில மாதங்களில் முடிவு தெரிந்துவிடும், பெரும்பாலானவை திரும்பி வந்துவிடும். 1971-ல் ஸ்டீபன் குக் எழுதிய கட்டுரைதான் 'என்.பி. முழுமை' என்ற கருத்துக்கே அடித்தளம். அது வந்தது ஒரு மாநாட்டுத் தொகுப்பில். 1982-ல் டூரிங் விருது அவரைத் தேடி வந்தது. 1999-ல் அமெரிக்கக் கணினி ஆய்வுச் சங்கமும், பதவி உயர்வு கொடுக்கும்போது மாநாட்டுக் கட்டுரைகளைக் குறைத்து மதிப்பிடாதீர்கள் என்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதி வைத்தது.

அப்புறம் ஜர்னல் எதற்கு?

ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். அறைக்கு இரண்டு பேர். யாருக்கு யாரோடு ஒத்துப்போகும் என்கிற பட்டியல் கையில் இருக்கிறது. அதிகபட்சம் எத்தனை ஜோடி சேர்க்கலாம்? 1965-ல் ஜாக் எட்மண்ட்ஸ் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார். 1980-ல் பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த சில்வியோ மிக்காலியும் நம்மூர் விஜய் வசிரானியும் அதைவிட ரொம்ப வேகமான ஒரு அல்காரிதத்தோடு 'ஃபாக்ஸ்' மாநாட்டுக்குப் போனார்கள். ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, பட்டியலில் உள்ள ஜோடிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருகிற அளவு வேலைதான். இன்றைக்கும் இந்தக் கணக்குக்கு முன்னணி வழி அதுதான்.

கட்டுரை 11 பக்கம். அல்காரிதம் அதில் இருந்தது. அது சரியாக வேலை செய்யும் என்பதற்கான நிரூபணம் இல்லை.

யாரும் ஏமாற்றவில்லை. பக்கக் கட்டுப்பாடு உள்ள மாநாட்டில் அப்போது அது வழக்கம்தான், இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் பாடப்புத்தகங்கள் அந்த வேகத்தை மேற்கோள் காட்டத் தொடங்கிவிட்டன. 1988-ல் பீட்டர்சன், லூயி என்ற வேறு இரண்டு பேர் 'அல்காரித்மிக்கா' ஆய்விதழில் அதை விளக்கி எழுத வேண்டியிருந்தது. 1994-ல் வசிரானியே 'காம்பினட்டோரிகா' இதழில் ஒரு நிரூபணம் வெளியிட்டார். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். முடியவில்லை. 2012-ல் எளிமையாக்கி மறுபடி எழுதினார். 2020-ல் இன்னொரு கட்டுரை. முழுமையான, பிழையில்லாத முதல் நிரூபணம் இதுதான் என்று அதன் சுருக்கத்தில் அவரே சொல்கிறார். அப்படியென்றால் முன்னால் வந்தவை அப்படி இல்லை என்றுதானே அர்த்தம்! நாற்பது வருஷம். தன் இளவயதுக் கட்டுரைக்கு மனுஷன் கடைசிவரை பொறுப்பேற்றிருக்கிறார். எனக்கு அதில் பெரிய மரியாதை. கூடவே ஒரு பயமும். 1994-ல் வந்தது ஜர்னல்தானே? ரெஃப்ரீ படித்தும் தப்பியிருக்கிறது. ஆக, ஜர்னல் முத்திரை குத்தியதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாப் படியையும் எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இருக்கிறது. எழுதி வைத்தால்தான் ஓட்டை எங்கே என்று தேடவாவது முடியும்.

சீக்கிரம் முடிந்த கதையும் உண்டு. சென்னையில் பிறந்த ரவீந்திரன் கண்ணன், மார்ட்டின் டயர், ஆலன் ஃப்ரீஸ் மூவரும் 1989 'ஸ்டாக்' மாநாட்டில் ஒரு முடிவைச் சொன்னார்கள். பல பரிமாணங்கள் கொண்ட ஒரு குவிவு உருவத்தின் கன அளவை, அதற்குள்ளேயே தற்போக்காக நடந்து பார்த்துத் தோராயமாகக் கணக்கிடலாம் என்பது அது. தொகுப்பில் 7 பக்கம். 1991-ல் ஏ.சி.எம். ஆய்விதழில் 17 பக்கம். அதே வருஷம் ஃபுல்கர்சன் பரிசு கிடைத்தது, பரிசுக் குறிப்பில் இருப்பது ஆய்விதழ் வடிவம். அந்த முதல் வழி படு மெதுவானது. பரிமாண எண்ணின் 23-ஆம் அடுக்கு என்பார்கள். ஆனால் படிகள் எல்லாம் வெளிச்சத்தில் இருந்ததால், எங்கே சுருக்கலாம் என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது. 1997-ல் கண்ணன், லோவாஸ், சிமோனோவிட்ஸ் மூவரும் அதை ஐந்தாம் அடுக்குக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கான்பூர் ஐ.ஐ.டி. மூவர் கதை இன்னொரு தினுசு. பகா எண் சோதனைக்கான வழியை 2002 ஆகஸ்டில் நேராக இணையத்தில் போட்டார்கள். 2004-ல் 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் வருவதற்குள் லென்ஸ்ட்ரா சொன்ன ஒரு யோசனை உள்ளே வந்து, எண்கணிதத்தின் கனமான தேற்றம் ஒன்றின் துணையே தேவையில்லாமல் போய்விட்டது.

சரி, மாநாடும் இதழும் இப்படித் தனித்தனியாக இருந்தே ஆகணுமா? நாங்கள் மீன் தின்றுகொண்டு பார்த்த தண்ணீருக்கே இதில் ஒரு பழைய கதை உண்டு. 1895-லிருந்து பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையில் சேர்கிறது. தேனிப் பக்கம் பென்னிகுவிக் படம் இல்லாத ஊர் குறைவு. அந்தப் பென்னிகுவிக், வேலை முடிந்தபிறகு 1897-ல் லண்டன் சிவில் பொறியாளர் கழகத்துக்குப் பெரியாற்றைத் திருப்பிய விவரத்தைக் கட்டுரையாகக் கொடுத்தார். அந்தக் கழகத்தின் நடவடிக்கைத் தொகுதிகளில் கட்டுரையும், அதன்மேல் மற்ற பொறியாளர்கள் நடத்திய விவாதமும் சேர்ந்தே அச்சாகும். மாநாடும் மதிப்பீடும் இதழும் ஒரே அட்டைக்குள். இப்போது ரெஃப்ரீ என்ன கேட்டார், ஆசிரியர் என்ன பதில் சொன்னார் என்பது பெரும்பாலும் அவர்களுக்குள்ளேயே போய்விடுகிறது.

தரவுத்தள ஆய்வாளர்கள் 2008-ல் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பினார்கள். வி.எல்.டி.பி. மாநாட்டுக் கட்டுரைகளை ஆய்விதழ் முறையில், திருத்தச் சொல்லி வாங்கி வெளியிட்டுவிட்டு, பிறகு மேடையில் பேசச் சொன்னார்கள். அடுத்த வருஷமே மோஷே வார்டி, மற்ற துறைகளைப்போல் இல்லாமல் நாம் மட்டும் ஏன் மாநாட்டையே கட்டிக்கொண்டு இருக்கிறோம் என்று ஏ.சி.எம். மாத இதழில் கேட்டு எழுதினார். சண்டை இன்னும் ஓயவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு மருமகனுக்குப் போன் போட்டேன். "உன் பேப்பர்ல 'முழு நிரூபணம் விரிவான வடிவத்தில் தரப்படும்'னு எங்கயாச்சும் எழுதியிருக்கியா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ரெண்டு எடத்துல எழுதிருக்கேன் மாமா."

"ரெண்டும் கையில இருக்கா?"

"ஒண்ணு இருக்கு."