1940 டிசம்பர், டெல்லி: தேசம் உரிமை கோராத ஒரு வெற்றி

இந்தியக் கால்பந்து வரலாற்றை ஒரே ஆண்டில் சுருக்கிச் சொல்லுமாறு கேட்டால் பெரும்பாலானோர் 1911 என்பர். அவ்வாண்டு ஜூலை 29 அன்று, பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடிய மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. இன்றும் அந்நாள் மோகன் பகான் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1989-இல் அச்சங்கத்துக்கு அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. தேசிய எழுச்சியின் அத்தியாயங்களுள் ஒன்றாகவே அவ்வெற்றி எழுதப்பட்டு வருகிறது. அதில் தவறேதுமில்லை.

இப்பதிவு மற்றோர் ஆண்டைப் பற்றியது. 1940-இல் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் சங்கம் ஒரே பருவத்தில் கல்கத்தா லீக், பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை, டெல்லியில் நடந்த டூரண்ட் கோப்பை ஆகிய மூன்றையும் வென்றது. அன்றைய இந்தியாவின் நான்கு பெரும் போட்டிகளுள் ஐ.எஃப்.ஏ. கேடயம் மட்டுமே அதன் கைக்கு எட்டவில்லை. அது ஏரியன்ஸ் அணிக்குச் சென்றது. டூரண்ட் கோப்பையை ஓர் இந்திய அணி வென்றது அதுவே முதன்முறை. பேரரசின் தலைநகரில், அரசப்பிரதிநிதி மாளிகைக்கு எதிரேயுள்ள அரங்கில், பிரிட்டிஷ் படையணி ஒன்றைத் தோற்கடித்துப் பெற்ற வெற்றி அது. 1911-க்குக் கிடைத்த நினைவில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்காதது ஏன் என்பதே என் வினா.

முதலில் போட்டியைப் பற்றி. டூரண்ட் கோப்பை 1888-இல் சிம்லாவின் அன்னண்டேல் மைதானத்தில் தொடங்கியது. அதைத் தோற்றுவித்த மார்ட்டிமர் டூரண்ட் அப்போது இந்திய அரசின் அயலுறவுச் செயலர். ஆப்கானிஸ்தானுடனான எல்லைக்கோட்டுக்கும் அவர் பெயரே வாய்த்தது. படைவீரர்களின் உடல்நலத்துக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் ஏற்பட்ட இப்போட்டி அரை நூற்றாண்டுக் காலம் பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டுகளின் கைகளிலேயே சுற்றிவந்தது. 1940-இல் அது மலையிலிருந்து இறங்கி டெல்லிக்கு வந்தது.

டெல்லியில் அதற்குக் கிடைத்த களம் இர்வின் ஆம்பிதியேட்டர். பவநகர் மன்னரின் கொடையால் 1933-இல் எழுந்த அவ்வரங்கம் புது டெல்லியின் நடு அச்சில் நிற்கிறது. மேற்கே ரெய்சினா குன்றின் மீது அரசப்பிரதிநிதி மாளிகை. அங்கிருந்து நேர்கோடாக இறங்கும் கிங்ஸ்வே. அதன் கீழ்க்கோடியில் இந்தியா கேட். அதற்கும் அப்பால் இவ்வரங்கம். புதிய தலைநகரின் திட்டத்திலேயே அதிகாரமும் விளையாட்டும் ஒரே கோட்டின் இரு முனைகளில் வைக்கப்பட்டிருந்தன. இறுதிப்போட்டியில் முகமதன் அணி ராயல் வார்விக்‌ஷயர் ரெஜிமென்ட்டை எதிர்கொண்டது. ஆட்ட நடுவர் ஹர்னாம் சிங் என்ற இந்தியர். ஹாஃபிஸ் ரஷீதும் சாபுவும் கோலடிக்க, முகமதன் 2-1 என வென்றது. 1911-இன் கோல் கணக்கும் இதுவே.

இது திடீரென விளைந்த அதிசயமன்று. 1891-இல் உருவான முகமதன் சங்கம் நீண்ட காலம் கீழ்ப்பிரிவுகளிலேயே ஆடியது. 1934-இல் கல்கத்தா லீக்கின் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. உயர்ந்த அதே ஆண்டில் பட்டத்தையும் வென்றது. 1898-இல் தொடங்கிய அந்த லீக்கின் முதல் பிரிவை அதற்குமுன் எந்த இந்திய அணியும் வென்றதில்லை. முதல் பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் கூடாது என்ற விதியே 1920-களின் நடுப்பகுதி வரை நடைமுறையில் இருந்தது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை முகமதன் பட்டம் வென்றது. 1936-இல் ஐ.எஃப்.ஏ. கேடயமும் சேர்ந்தது. 1939-இல் நிர்வாகத்துடன் ஏற்பட்ட பிணக்கினால் ஈஸ்ட் பெங்கால், காளிகாட் ஆகியவற்றோடு லீக்கிலிருந்து விலகியது. அவ்வாண்டு மோகன் பகான் முதன்முறையாக லீக் பட்டம் பெற்றது. மறு ஆண்டே முகமதன் திரும்பிவந்து மூன்று நகரங்களில் மூன்று பட்டங்களை வென்றது.

இதற்கு நடைமுறைக் காரணங்களும் உண்டு. மழைக்காலத்தில் நடக்கும் கல்கத்தா லீக்கில் வெறுங்கால் ஆட்டக்காரர்கள் சேற்றில் நிலைதடுமாறுவர்; பூட்ஸ் அணிந்த படைவீரர்களுக்கு அதுவே சாதகம். ஈரக்களத்தில் பூட்ஸ் அணிந்து ஆடுவதை முகமதன் தன் வழக்கமாக்கிக்கொண்டது. அதனினும் முக்கியமானது ஆள்சேர்ப்பு. உள்ளூர் இளைஞர்களை மட்டும் நம்பியிராமல் வங்காளத்துக்கு வெளியிலிருந்தும், குறிப்பாகப் பெங்களூரிலிருந்தும், தேர்ந்த ஆட்டக்காரர்களை அது வரவழைத்தது. மாகாண எல்லைகளைக் கடந்து ஆட்டக்காரர்களைத் திரட்டி அணியமைப்பது இன்று இயல்பானது; 1930-களில் அது புதுமை.

இங்கே ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்போம். நான்கு பெரும் போட்டிகளையும் முதலில் வென்ற இந்தியச் சங்கங்கள் எவை? ஐ.எஃப்.ஏ. கேடயம்: 1911, மோகன் பகான். கல்கத்தா லீக்: 1934, முகமதன் ஸ்போர்ட்டிங். ரோவர்ஸ் கோப்பை: 1937, பெங்களூர் முஸ்லிம்ஸ். டூரண்ட் கோப்பை: 1940, முகமதன் ஸ்போர்ட்டிங். நான்கு கோட்டைகளுள் மூன்றில் முதலில் நுழைந்தவை தம் பெயரிலேயே இஸ்லாமியச் சமூகத்தைச் சுமந்த சங்கங்கள். 1940-இன் ரோவர்ஸ் இறுதியாட்டமோ இவ்விரு சங்கங்களுக்கிடையிலேயே நிகழ்ந்தது. ஆயினும் பாடநூலுக்குள் நுழைந்தது முதல் வரி மட்டுமே.

இதற்கு எளிதில் கிடைக்கும் விடைகள் இரண்டு. ஒன்று, 1911 முதலில் நிகழ்ந்தது என்பது. முதன்மைக்கு நினைவில் தனியிடம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் மற்ற மூன்றும்கூட அவ்வப்போட்டியின் முதன்மைகளே. இரண்டாவது, 1940-இல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, ரெஜிமென்ட் அணிகள் வலுவிழந்திருந்தன என்பது. இதை ஒதுக்கிவிட முடியாது. எனினும் 1934 முதல் 1938 வரையிலான ஐந்து பட்டங்களும் போருக்கு முந்தியவை என்பதையும் உடன்சேர்த்தே எடைபோட வேண்டும்.

மூன்றாவது விடை காலச்சூழலில் இருக்கிறது. 1940 மார்ச் 23 அன்று லாகூரில் முஸ்லிம் லீக்கின் தீர்மானத்தை முன்மொழிந்தவர் வங்காளப் பிரதமர் ஃபஸ்லுல் ஹக். லீக் தலைவர்கள் சிலர் முகமதன் சங்கத்தின் நிர்வாகத்தோடும் தொடர்புடையவர்கள். 1932-இன் வகுப்புவாரித் தீர்ப்புக்குப் பின் வங்காள அரசியல் சமூக அடிப்படையில் இறுகிக்கொண்டிருந்தபோதுதான் முகமதனின் எழுச்சியும் நிகழ்ந்தது. அதே 1940 டிசம்பரில், பம்பாயில் சமயவாரி அணிகள் மோதும் பென்டாங்குலர் கிரிக்கெட் போட்டிக்கு எதிராகக் காந்தி கருத்துரைத்தார். விளையாட்டில் சமயப் பெயர் என்பது அந்த மாதத்தில் கூர்மையான வினாவாகியிருந்தது.

ஆனால் சூழலை இத்துடன் நிறுத்திவிட்டால் பாதிச் சித்திரமே கிடைக்கும். அதே ஆண்டின் ஜூலையில், கல்கத்தா லீக் நடந்துகொண்டிருந்த வாரங்களில், ஹால்வெல் நினைவுச்சின்னத்தை அகற்றக் கோரி சுபாஷ் சந்திர போஸ் அறிவித்த போராட்டத்தில் இந்து, முஸ்லிம் இளைஞர்கள் ஒன்றாக நின்றனர். சிராஜுத்தௌலா அவர்களுக்குப் பொதுச் சின்னமானார். 1911-க்குத் திரும்பினால், மோகன் பகானின் வெற்றியை முஸ்லிம் ஏடுகளும் தம் வெற்றியாகவே கொண்டாடியதைக் காண்கிறோம். முகமதனின் வெற்றியைப் பாடியவர்களுள் காஜி நஸ்ருல் இஸ்லாமும் ஒருவர். சியாமா சங்கீதமும் இஸ்லாமியப் பாடல்களும் ஒரே பேனாவால் எழுதிய கவி அவர். ஆகவே 'வகுப்புவாதம்' என்ற ஒற்றைச் சொல்லால் அக்கொண்டாட்டம் முழுவதையும் மூடிவிட இயலாது.

என் துறையிலிருந்து ஒரு கருத்தாக்கத்தை இங்கே கடன் வாங்குகிறேன். மொழியியலில் குறியுடைமை என்றொன்று உண்டு. இணைச்சொற்களில் ஒன்று பொதுவாக நிற்கும். மற்றது தனிக்குறி சுமக்கும். 'ஆசிரியர்' இருபாலரையும் சுட்டும். 'ஆசிரியை' ஒரு பாலை மட்டுமே சுட்டும். 'இந்தியக் கிரிக்கெட் அணி' என்றால் ஆடவர் அணி. பெண்கள் ஆடினால் 'மகளிர்' என்ற அடை தேவைப்படுகிறது. அடை பெற்றது பகுதியாகிறது. அடை பெறாதது முழுமையின் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

கல்கத்தா மைதானத்துச் சங்கப் பெயர்களை இந்நோக்கில் பாருங்கள். கல்கத்தா ஃபுட்பால் கிளப் ஐரோப்பியர்களுக்கு மட்டுமேயான சங்கம். ஆனால் நகரத்தின் பெயர் அதனுடையது. மோகன் பகான் என்பது ஒரு மாளிகையின் பெயர். 1911-இல் ஆடியவர்கள் வங்காள இந்துக்கள், சுதிர் சாட்டர்ஜி என்ற கிறிஸ்தவரும் உண்டு. பெயரில் சமயக் குறி இல்லை. ஈஸ்ட் பெங்கால் என்பது நிலப்பெயர். முகமதன் மட்டுமே சமூகப் பெயர். அச்சொல்லும் ஆங்கில ஆட்சியின் ஆவண வழக்கே. அலிகாரின் முகமதன் ஆங்கிலோ-ஓரியண்டல் கல்லூரி முதல் சென்னையின் அரசு முகமதன் கல்லூரி வரை, அக்காலத்து நிறுவனங்கள் அரசு தமக்கு இட்ட பெயரையே தாமும் சூடிக்கொண்டன.

விளைவு யாதெனில், ஆட்டக்காரர்களை இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் திரட்டிய அணி 'ஒரு சமூகத்தின் அணி' ஆயிற்று. பெரும்பாலும் ஒரே மொழி, ஒரே சமயம் சார்ந்த பதினொருவர் 'இந்தியாவின் அணி' ஆயினர். நிலப்பரப்பு என்ற அளவுகோலை எடுத்தால் 1940-இன் முகமதன் 1911-இன் மோகன் பகானைவிட விரிந்தது. சமயம் என்ற அளவுகோலை எடுத்தால் இரண்டுமே குறுகியவைதாம். எந்த அளவுகோலால் அளப்பது என்பதைக் களத்தில் நின்றவர்கள் தீர்மானிக்கவில்லை. பின்னர் எழுதியவர்கள் தீர்மானித்தனர்.

பிரிவினை இதை முற்றுப்பெறச் செய்தது. 1941 முதல் 1949 வரை டூரண்ட் நடைபெறவில்லை. 1950-இல் மீண்டும் தொடங்கியபோது நாடு இரண்டாகியிருந்தது. கல்கத்தாவில் தங்கிவிட்ட முகமதன் பாகிஸ்தானின் நினைவுக்குரியதாகவில்லை; டாக்காவுக்கு 1936-இல் தோன்றிய தன் சொந்த முகமதன் இருந்தது; இந்தியாவிலோ அப்பெயரே சங்கடமாகிவிட்டது. மூன்று நாடுகளின் வரலாறுகளுக்கிடையே அவ்வெற்றி உரியவரின்றி விழுந்தது.

அரங்கத்தின் கதை வேறு. 1951-இல் இர்வின் பெயர் நீங்கி அது நேஷனல் ஸ்டேடியம் ஆயிற்று. அதே ஆண்டு முதலாவது ஆசிய விளையாட்டுகள் அங்கே நடந்தன. இறுதிப்போட்டியில் ஈரானை வென்று இந்தியக் கால்பந்து அணி தங்கம் பெற்றது. 2002 முதல் அது தயான் சந்த் பெயரைத் தாங்கி நிற்கிறது. அரசப்பிரதிநிதியின் பெயரைச் சுமந்த கட்டடத்தைத் தேசம் ஒரு பெயர்மாற்றத்தால் தனதாக்கிக்கொண்டது. அதே கட்டடத்துக்குள் பதினோரு ஆண்டுகளுக்கு முன் இந்தியர்கள் பெற்ற வெற்றிக்கு அத்தகைய ஏற்பு கிடைக்கவில்லை.

முகமதன் சங்கம் மறையவில்லை. 2013-இல் டூரண்ட் கோப்பையை மீண்டும் வென்றது. 2023-24 பருவத்தில் ஐ-லீக் பட்டம் பெற்று இந்தியன் சூப்பர் லீக்குக்கு உயர்ந்தது. ஆகவே இரங்கற்பா எழுதுவது என் நோக்கமன்று. விளையாட்டு வரலாற்றில் ஆய்வு செய்ய எண்ணும் மாணவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே: ஆவணங்களில் 'தேசிய', 'வகுப்புவாத' என்ற அடைமொழிகளைக் காணும்போது, அவை நிகழ்ச்சியோடு பிறந்தவையா, பின்னர் ஒட்டப்பட்டவையா என்று முதலில் பாருங்கள். 1940 டிசம்பரில் டெல்லியில் தோற்றது பேரரசின் ரெஜிமென்ட் ஒன்று. வென்றவர்களுக்கு நாம் என்ன பெயரிடுகிறோம் என்பது அவர்களைக் காட்டிலும் நம்மைப் பற்றியே அதிகம் சொல்லும்.