எதிரி நாட்டுத் தலைவருடன் நேர்காணல்

போர் நடக்கும்போதோ மூளவிருக்கும்போதோ எதிர்த்தரப்புத் தலைவரைச் செய்தியாளர் பேட்டி காண்பதைத் துரோகம் என்று ஏசுவது நெடுநாள் வழக்கம். அமெரிக்காவில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பத்திரிகைச் சுதந்திரத்தைக் காக்கிறது. இத்தகைய பேட்டிக்கு அரசின் ஒப்புதல் தேவையில்லை. ஆனால் சட்டம் அனுமதித்துவிட்டால் மட்டும் அது நேர்மையான பேட்டியாகிவிடாது. கேள்வி யாருடையது, ஒளிப்பதிவு யார் கையில் இருந்தது, பதில்கள் சரிபார்க்கப்பட்டனவா என்பவற்றைக் கொண்டே அதை எடைபோட வேண்டும்.

ஈராக் போருக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், 2003 பிப்ரவரி 24 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியின் டான் ராதர் பாக்தாத்தில் சதாம் உசேனைச் சந்தித்தார். படம்பிடித்தது ஈராக்கியக் குழு. நாடாக்கள் கைக்கு வரவும் சிபிஎஸ் காத்திருக்க நேர்ந்தது. ஒளிபரப்பின்போது வெள்ளை மாளிகைப் பேச்சாளருக்கும் இடம் வேண்டும் என்ற கோரிக்கையை நிறுவனம் அப்படியே ஏற்கவில்லை. அதிபரோ அவருக்கு அடுத்த நிலைத் தலைவர்களோ வரட்டும் என்றது. அது சரியான முடிவு. ஆனால் சதாமின் பதில்களை ஆங்கிலத்தில் வாசிக்க, அரபு உச்சரிப்பைப் பாவனை செய்யும் நடிகர் ஒருவரை அமர்த்தியது பெரிய பிழை. ஐ.நா. விதித்த வரம்பை மீறிய ஏவுகணை எதுவும் ஈராக்கிடம் இல்லை என்றார் சதாம். ஆனால் வரம்பு மீறியவை என்று கண்டறியப்பட்ட அல் சமூத்-2 ஏவுகணைகளை, மார்ச் 1 அன்று ஐ.நா. உத்தரவின்படி ஈராக் அழிக்கத் தொடங்கியது. அல்காயிதாவுடன் தொடர்பில்லை என்றார். இணைந்து செயல்பட்டதற்குச் சான்றில்லை என்று செப்டம்பர் 11 விசாரணை ஆணையம் 2004இல் கூறியது. ஒரு பதில் பொய்த்தது, மற்றொன்று நின்றது. இரண்டுமே பதிவாகியிருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது.

எதிரிக்கு மேடை அமைத்துத் தருவதாகாதா என்ற ஆட்சேபம் வலுவானது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஊடகவியலாளர் டக்கர் கார்ல்சன் மாஸ்கோவில் எடுத்த பேட்டியில் புதின் அரை மணி நேரம் ரஷ்ய வரலாறு சொன்னார். உக்ரைனில் நடந்த போர்க்குற்றங்கள் பற்றிக் கேள்வியே எழவில்லை. கூர்மையான கேள்விகளை எதிர்பார்த்ததாகப் பின்னர் புதினே சொன்னார். எனினும் அந்தக் குறை கேள்வி கேட்காததால் வந்தது, சந்தித்ததால் வந்ததல்ல. ரஷ்யச் சிறையிலிருந்த அமெரிக்கச் செய்தியாளர் எவான் கெர்ஷ்கோவிச்சை விடுவிக்குமாறு கார்ல்சன் வற்புறுத்திய இடத்தில் மட்டும் உரையாடல் உயிர்பெறுகிறது: இரு நாட்டு உளவுத்துறைகளும் பேசிவருவதை ஒப்புக்கொண்ட புதின், ஐரோப்பியத் தலைநகரில் கொலை செய்துவிட்டுச் சிறையிலிருக்கும் ஒருவரைப் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டு, தம் விலை என்ன என்பதைக் காட்டிவிட்டார். 2024 ஆகஸ்ட் 1 கைதிப் பரிமாற்றத்தில் கெர்ஷ்கோவிச்சும், புதின் சுட்டியவராகக் கருதப்பட்ட, ஜெர்மனியில் ஆயுள் தண்டனை பெற்றிருந்த வாதிம் கிராசிகோவும் விடுதலையாயினர்.