கொடுத்த சமுதாயமும் பெற்ற பல்கலைக்கழகமும்: பூச்சோங் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பல்கலைக்கழகம் வட்டாரச் சமுதாயத்தோடு இணைந்து ஆய்வு நிகழ்த்துதல் வேண்டும் என்னும் கருத்து மலேசிய உயர்கல்வித் துறையில் வலுப்பெற்றுள்ளது. 2019ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு அறிமுகப்படுத்திய ‘சூலாம்’ எனும் சேவைவழிக் கற்றல் திட்டம், மாணவரின் சமுதாயப் பணியைப் பாடத்தோடு இணைத்தது. இதனைப் புதியதோர் ஏற்பாடாகக் கருதுவோர் உளர். மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை இவ்வுறவு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழைமையுடையது. அதில் முதலில் கொடுத்தது சமுதாயமே. அவ்வரலாற்றின் ஒளியில், பூச்சோங் வட்டாரத்தில் மாணவர் ஆய்வு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சமுதாயத்தின் கொடை

1949இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பெற்றது. அத்துறையில் முதன்மை பெற வேண்டியது தமிழா, வடமொழியா என்னும் விவாதம் எழுந்த காலத்தில், ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டினார். பல்கலைக்கழகத்தில் கால் பதித்திராத எளிய மக்களும் தம்மால் இயன்ற சிறு தொகையை வழங்கினர். அந்நிதி பல்கலைக்கழகத்திற்குத் தமிழ் நூல்களைப் பெற்றுத் தந்தது. 1959இல் துறை கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு இங்கு நடந்தேறியது. இவ்வளர்ச்சியின் அடித்தளத்தில் உழைக்கும் மக்களின் காசும் உண்டு என்பது மறத்தற்குரியதன்று.

ஆய்வின் இரு வழிகள்

1950களில் ஐரோப்பியர் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழக்கும் நிலை ஏற்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ், 1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடலை விரிவாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். அதே இடர்ப்பாட்டிற்கு விடையாக 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் தம் ஊதியத்திலிருந்து பங்குத் தொகை செலுத்தித் தோட்டங்களை வாங்கினர். மக்களை வருத்திய சிக்கலே ஈண்டு ஆய்வுப் பொருளாயிற்று.

மற்றொரு வழியும் இருந்தது. மானிடவியலாளர் ரவீந்திர கு. ஜெயின் 1960களின் தொடக்கத்தில் ஒரு தோட்டத்தில் தங்கிக் களப்பணி மேற்கொண்டார். 1970இல் வெளிவந்த அவர்தம் ஆங்கில நூல் இத்துறையில் இன்றியமையாதது. அந்நூலில் தோட்டத்தின் உண்மைப் பெயர் மறைக்கப்பட்டு, ‘பால் மலாயு’ எனும் புனைபெயர் வழங்கப்பட்டது. தகவல் தந்தோரைக் காக்க இம்முறை தேவையே. ஆயினும், அத்தோட்டத்தாரின் பேரப்பிள்ளைகள் தம் முன்னோர் வரலாற்றைத் தேடினால், பெயரைக் கொண்டு அந்நூலை அடைய இயலாது. காப்பும் இழப்பும் ஒன்றாகவே வந்தன.

பூச்சோங்கின் நிலை

பூச்சோங் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் நிறைந்த பகுதி. 1990களில் வீடமைப்புப் பகுதிகள் பெருகின. 1999இல் டாமான்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 2016இல் இலகு இரயில் வந்தது. லயன் வீடுகளும் பெரட்டுக் களங்களும் ஆயாக்கொட்டகைகளும் மறைந்தன. தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. காசல்பீல்டு, கின்றாரா ஆகிய பள்ளிப் பெயர்கள் இதற்குச் சான்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. தோட்டமும் பள்ளியும் ஒரே பெயரில் வழங்கியதன் பின்னணி இதுவே.

ஆதலின், இவ்வட்டாரத்தில் ஆய்வுக்கு இயல்பான துணைவர் தமிழாசிரியரே. மாணவர் சேர்க்கைப் பதிவேடு, ஆலயத்து நன்கொடையாளர் பலகை, பழைய நிழற்படம், முதியோர் நினைவு ஆகியவை எவரிடம் உள்ளன என்பதை அவர் அறிவார். எழுபதுகளில் பால்மரம் வெட்டிய இளைஞர்கள் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்தம் நினைவைப் பதிவு செய்யும் காலம் குறுகி வருகிறது.

இங்குதான் ஓர் இடர் எழுகிறது. பல்கலைக்கழகப் பருவம் ஏறத்தாழ 14 வாரங்களில் முடிந்துவிடும். மாணவர் வருவர், வினவுவர், மதிப்பெண் பெறுவர், செல்வர். அடுத்த பருவத்தில் வேறொரு குழு அதே முதியவரிடம் அதே வினாக்களைத் தொடுக்கும். ஒப்படைப்போ துறை அலமாரியில் உறங்கும். சமுதாயத்திற்கு எஞ்சுவது களைப்பே.

முடிவுரை

இதனைத் தவிர்க்க, ஆய்வுத் தலைப்பைப் பள்ளியோடும் ஆலய நிர்வாகத்தோடும் கலந்து தேர்தல் வேண்டும். ஒரு குழு விட்ட இடத்திலிருந்து அடுத்த குழு தொடர்தல் வேண்டும். பேட்டியளித்தவர் இசைந்தால் அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் பதிவில் இடம்பெறுதல் தகும். யாவற்றினும் முதன்மையாக, ஒவ்வோர் ஆய்வேட்டின் தமிழ்ப்படி ஒன்று அத்தோட்டப் பெயர் தாங்கிய பள்ளியின் நூலகத்தில் வைக்கப்படுதல் வேண்டும். 1950களில் எளிய மக்கள் பல்கலைக்கழகத்திற்கு நூல்கள் தந்தனர். அம்மக்களின் வரலாற்றை நூலாக்கி அவர்தம் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கு அளிப்பதே அக்கடனுக்கு ஈடாகும்.