மனச்சோர்வு மருந்துகளும் வலி மாத்திரைகளும்: திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதி

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ நாள்தோறும் மருந்து உட்கொள்பவர் வலி மாத்திரையையும் சேர்த்து விழுங்கும்போது இரண்டு வகையான தீங்குகள் நேரலாம். ஒன்று இரத்தக்கசிவு, மற்றொன்று உடலில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் அளவு மீறுவது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் இது தனிக் கவனத்துக்குரியது. பவர் டேபிளில் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்தும், செக்கிங்கிலும் அயர்னிலும் நின்றும் வேலை செய்பவர்களுக்கு இடுப்புவலியும் கழுத்துவலியும் தலைவலியும் புதியவை அல்ல. வேலைக்குப் போகிற வழியில் மெடிக்கலில் ‘ஒரு செட்’ என்று கேட்டால் அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைகள் காகிதத்தில் மடித்துக் கிடைத்துவிடும். உள்ளே இருப்பது எது என்று வாங்குபவருக்குத் தெரியாது. மனநல மருந்தோ ‘நரம்பு மாத்திரை’ என்ற பெயரில், அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் சாப்பிடப்படுகிறது. வலிக்கு மாத்திரை தருபவருக்கு இதைப் பற்றித் தெரிய வழியில்லை.

இரத்தக்கசிவு

ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ராலின், எசிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள் மூளை நரம்புகள் செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சுவதைத் தடுக்கின்றன. இதே தடை இரத்தத் தட்டணுக்களிலும் நிகழ்கிறது. தட்டணுக்கள் செரட்டோனினைத் தாமே உண்டாக்குவதில்லை. இரத்தத்திலிருந்து எடுத்துச் சேமித்துவைத்து, காயம் பட்டதும் வெளியிட்டு, இரத்தம் உறையத் துணைபுரிகின்றன. மருந்தால் அந்தச் சேமிப்பு குறைகிறது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், மெஃபெனாமிக் அமிலம் ஆகிய வலி மாத்திரைகளோ இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் புராஸ்டாகிளாண்டின்களைக் குறைப்பதோடு தட்டணுக்களையும் மந்தமாக்குகின்றன. ஒன்று புண்ணை உண்டாக்க, மற்றது அதில் கசியும் இரத்தத்தை நிற்கவிடாமல் செய்கிறது.

இரண்டையும் சேர்த்து உட்கொள்பவர்களுக்கு, இரண்டையும் உட்கொள்ளாதவர்களைவிட இரைப்பை இரத்தக்கசிவு ஏறத்தாழ 4 மடங்கு அதிகம் என 2014இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கணக்கிட்டது. தென்கொரிய மருத்துவக் காப்பீட்டுத் தரவுகளைக் கொண்டு 2015இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, சேர்த்து உட்கொள்ளத் தொடங்கிய முதல் 30 நாட்களில் மண்டையோட்டுக்குள் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு, மனச்சோர்வு மருந்தை மட்டும் உட்கொள்பவர்களைவிடச் சுமார் 60 விழுக்காடு கூடுவதைக் கண்டது. தனியொருவரைப் பொறுத்தவரை இத்தகைய இரத்தக்கசிவுகள் அரிதாகவே நேரும். ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். காலை உணவைத் தவிர்த்து, டீயோடு மாத்திரை போடும் ஒரு பெண்ணின் இரைப்பையில் சிறுகச் சிறுக இரத்தம் கசிந்தால், அந்தச் சோர்வு வேலைக் களைப்பு என்றே கொள்ளப்படும். தார்போல் கறுத்த மலம், வாந்தியில் இரத்தம், எழுந்ததும் தலைசுற்றல் ஆகியவை உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய அறிகுறிகள்.

செரட்டோனின் மிகை

டிரமடால் வெறும் வலி மாத்திரை அல்ல. அது செரட்டோனின் அளவையும் உயர்த்தும். மனச்சோர்வு மருந்தோடு சேரும்போது நடுக்கம், மிகுந்த வியர்வை, பதைபதைப்பு, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு, கடுங்காய்ச்சல் என்று சில மணி நேரத்தில் முற்றலாம். வலிப்பும் வரலாம். கோடையில் இதை வெயிலின் தாக்கம் என்று தவறாகக் கருதிவிட இடமுண்டு. ஃப்ளூவாக்செட்டின், பராக்செட்டின் ஆகியவை டிரமடாலை வலி போக்கும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியை முடக்குகின்றன. அதனால் வலி குறைவதில்லை, குறையாததால் இன்னொரு மாத்திரை போடப்படுகிறது, ஆபத்து ஏறுகிறது. இந்தியாவில் டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

இந்த வகைச் சேர்க்கையை உலகறியச் செய்தது 1984 மார்ச்சில் நியூயார்க்கில் நிகழ்ந்த லிபி சியோனின் மரணம். மனச்சோர்வுக்கு ஃபினெல்சின் உட்கொண்டுவந்த அந்த 18 வயது மாணவிக்கு மருத்துவமனையில் வலி மருந்தான பெத்திடின் ஊசி போடப்பட்டது. சில மணி நேரத்தில் அவர் இறந்தார். இரு மருந்துகளும் சேர்ந்ததே காரணம் எனப் பரவலாகக் கருதப்படுகிறது.

பெயரில்லா மாத்திரை

2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தியை வெளியிட்டது. மாதவிடாய் வலிக்காக வேலையிடத்தில் பெயர் அச்சிடாத மாத்திரைகளைத் தாங்கள் வாங்கி விழுங்கியதாக அவர்கள் கூறினர். அவை ஐபுபுரூஃபன் போன்ற வலி மருந்துகள் என்று மருத்துவர்கள் கருதினர். மனச்சோர்வு மருந்து அந்தச் செய்தியின் பொருள் அன்று. ஆயினும் இங்கே அதுவே மிகப் பொருத்தமான சான்று: பெயர் தெரியாத மாத்திரையை எந்த மருத்துவராலும் மற்றொரு மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும் என்பதோடு, விதித்த பொருள்கள் தவிர வேறெதுவும் அதில் இருக்கக் கூடாது என்றும் கூறியது. உற்பத்தி நிற்காதிருக்க மேற்பார்வையாளர் கையில் மாத்திரை கொடுத்து அனுப்புவது மருத்துவம் ஆகாது.

பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்களின் நிலை இன்னும் கடினம். மருந்துச் சீட்டு சொந்த ஊரில் இருக்கும். கடைக்காரரிடம் விளக்க மொழி இருக்காது.

தவிர்க்கும் முறை

மனச்சோர்வு மருந்து உட்கொள்பவருக்குச் சாதாரண வலிக்குப் பெரும்பாலும் பாராசிட்டமாலே முதல் தேர்வு. ஆனால் கல்லீரல் நோய் உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் மருத்துவரைக் கேட்டே அளவு கொள்ள வேண்டும். வேறு வலி மருந்து தேவைப்பட்டால் இரைப்பையைக் காக்கும் மருந்தையும் மருத்துவர் சேர்த்துத் தரலாம். லித்தியம் என்ற மனநல மருந்தை உட்கொள்பவர்களுக்கு ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் லித்தியத்தை உடலில் தேக்கி நஞ்சாக்கக்கூடும். எந்த நிலையிலும் மனநல மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. நோய் திரும்பும் ஆபத்து வலியைவிடப் பெரிது.

மாத்திரையை அட்டையோடு கேட்டு வாங்குங்கள். அந்த அட்டையையும் பழைய சீட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் இந்தியிலும் பேசலாம்.